யாரும் குனியாத சண்டை

"தம்பி, இதுல யாருமே குனிய மாட்டேங்கிறாங்களே?"

மூன்று மாதம் இரவுகளில் உட்கார்ந்து எழுதிய, கணினியில் சண்டையைப் போலச் செய்துகாட்டும் என் சிமுலேஷனைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது இதைத்தான். அவர் ஓய்வுபெற்ற காலாட்படை வீரர். பல வருடம் இயந்திரத் துப்பாக்கிக்காரராக இருந்தவர். திரையில் ஒரு பக்கம் நீலப் புள்ளிகள், இன்னொரு பக்கம் சிவப்புப் புள்ளிகள். இரண்டு பக்கமும் சுட்டுக்கொள்ளும். அவ்வப்போது ஒரு புள்ளி அணையும். மிச்சமிருக்கும் புள்ளிகள் அதே வேகத்தில், அதே குறியோடு சுட்டுக்கொண்டே இருக்கும், கடைசிப் புள்ளி அணைகிற வரைக்கும். எனக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. கணக்கு சரியாக வந்தது. வரைபடமும் பாடத்தில் இருப்பது போலவே வளைந்தது.

அவர் ஒரு சிவப்புப் புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினார். "இவன் பக்கத்துல இருந்தவன் இப்பதான் விழுந்தான். இவன் தலைக்கு மேல தோட்டா போயிட்டே இருக்கு. இவன் என்ன பண்ணிட்டு இருக்கான்?"

"சுடுறான், ஐயா."

"எப்படி?"

என்னிடம் பதில் இல்லை. அந்த "எப்படி"யின் பின்னால் போனதில் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது.

நான் பயன்படுத்தியது லான்செஸ்டர் சமன்பாடுகள். பிரெடெரிக் லான்செஸ்டர் கார் தயாரித்த ஆங்கிலேயப் பொறியாளர், விமானவியலில் முன்னோடி. முதல் உலகப்போர் தொடங்கிய 1914-இல் அவர் எழுதிய கட்டுரைகள் 1916-இல் நூலாக வந்தன. ரஷ்யாவில் ஒசிபோவ் என்பவர் 1915-இல் இதே கணக்கைத் தனியாகப் போட்டிருந்தார். அடிப்படை மிக எளிது. என் பக்கம் ஆள் குறையும் வேகம், எதிரியிடம் இந்த நொடியில் எத்தனை பேர் சுடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அவன் பக்கமும் அப்படியே. இதை விரித்தால் பிரபலமான இருபடி விதி கிடைக்கும். சம திறமையுள்ள 1,000 பேரும் 700 பேரும் கடைசிவரை சுட்டுக்கொண்டால் 1,000 பேர் பக்கத்தில் 300 பேர் மிஞ்சுவார்கள் என்றுதான் மனம் சொல்லும். ஆனால் கணக்கின்படி சுமார் 714 பேர் மிஞ்சுவார்கள். ஆள்பலம் இரண்டு மடங்கானால் படைவலிமை நான்கு மடங்காகும். முதல்முறை இதைப் போட்டுப் பார்த்தபோது வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வீரனுக்கு இரண்டே நிலைதான். விழாதவரை முழுத்திறன், விழுந்தால் பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. அந்த நடுப்பகுதியில்தான் சண்டையின் பெரும்பங்கு நடக்கிறது என்று அந்தப் பெரியவர் சொல்ல வந்தார். படிக்கப் படிக்க எனக்கும் அது உறுதியானது.

ராணுவங்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்கப் பீரங்கிப்படைக் கையேடுகள் இலக்கின் மீதான விளைவை மூன்றாகப் பிரித்தன. சுமார் 30 சதவீதம் பேர் இழப்புக்குள்ளானால், அதாவது இறந்தோ காயமடைந்தோ போனால், அழிப்பு. 10 சதவீதம் அளவுக்கு இழப்பு என்றால் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தல். மூன்றாவதற்கு இழப்புச் சதவீதமே கிடையாது. எதிரி தலைதூக்கிப் பார்க்கவும் குறிபார்த்துச் சுடவும் நகரவும் முடியாமல் செய்தால் போதும். சுடுவது நிற்கும்போது அநேகமாக அந்த விளைவும் நின்றுவிடும். ஆங்கிலத்தில் இதைச் சப்ரஷன் என்பார்கள். நேராக எழுதினால் அடக்குதல். எனக்கு 'முடக்கம்' என்ற சொல்தான் பொருந்துகிறது. ஆள் இருக்கிறான், ஆயுதம் இருக்கிறது, உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனாலும் அந்த நிமிடத்தில் அவனால் ஒன்றும் ஆகாது.

முடக்கம் உடம்புக்குள் எப்படி நுழைகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள நினைத்தேன். அதற்கு ஒலியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நடுத்தர இயந்திரத் துப்பாக்கியின் தோட்டா குழாயை விட்டு வெளியே வரும்போது நொடிக்குச் சுமார் 840 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதனால் தோட்டா நம்மைக் கடக்கும்போது அதன் அதிர்வலை சாட்டை சொடுக்கியது போன்ற ஒரு வெடிப்பாகக் காதில் விழும். துப்பாக்கி சுட்ட 'டொம்' என்ற சத்தம் அப்புறம்தான் வரும். 300 மீட்டர் தூரம் என்றால் இரண்டுக்கும் இடையே அரை நொடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. பயிற்சி பெற்றவன் அந்த இடைவெளியை வைத்தே சுடுபவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று கணிப்பான். புதியவனுக்கோ முதலில் கேட்கும் வெடிப்பு எல்லாத் திசையிலிருந்தும் வருவது போலிருக்கும். எங்கிருந்து சுடுகிறார்கள் என்றே தெரியாத இடத்தில் மனிதன் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடுகிறான்.

படுத்தவன் முதலில் இழப்பது கண்ணை. எதிரி எங்கே, தன் ஆட்கள் எங்கே என்பது அவனுக்குத் தெரியாமல் போகிறது. அடுத்துக் குறி போகிறது. துப்பாக்கியை மட்டும் மேலே தூக்கிச் சுடலாம், ஆனால் அந்தத் தோட்டா எங்கோ போகும். அப்புறம் நகர்வு போகிறது. பிறகு பேச்சும் போகிறது. அணித் தலைவன் கத்துவது பத்தடி தள்ளிக் கிடப்பவனுக்குக் கேட்காது. கேட்டாலும், எழுந்து கை காட்டுகிறவனைப் பார்க்க யாரும் தலைதூக்க மாட்டார்கள். பத்துப் பேர் கொண்ட அணி பத்துத் தனி ஆட்களாக உடைந்துவிடுகிறது. என் முதல் நிரலில் சுடும் வேகம் என்று ஒரே ஒரு எண்தான் இருந்தது. உண்மையில் பார்த்தல், சுடுதல், நகர்தல், கட்டளை கேட்டல் என்று நான்கு திறன்கள் தனித்தனியாகச் சரிகின்றன, ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில்.

இவற்றை அளக்க முடியுமா என்று முயன்றவர்கள் உண்டு. 1970-களில் அமெரிக்கத் தரைப்படை கலிபோர்னியாவில் ஃபோர்ட் ஹண்டர் லிகெட் என்ற பயிற்சித் திடலில் இதற்காகவே சோதனைகள் நடத்தியது. பாதுகாப்பான குழிகளுக்குள் வீரர்களை வைத்து அவர்களுக்கு அருகே உண்மையான தோட்டாக்களைச் சுட்டார்கள். தோட்டா எவ்வளவு கிட்டே போகிறது, எத்தனை போகின்றன, எவ்வளவு சத்தமாகப் போகின்றன என்ற மூன்றும் முக்கியம் என்பது அந்தக் கால ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. சத்தமும் கணக்கில் சேர்கிறது என்பது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. சத்தம் யாரையும் கொல்வதில்லை. ஆனால் ஆபத்து எவ்வளவு என்று மனம் கணிப்பது அதை வைத்துத்தான். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் எம்ஜி 42 இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 1,200 தோட்டா சுடும். தனித்தனி வெடியாகக் கேட்காது, துணியைக் கிழிப்பது போல ஒரே சத்தமாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு வீரர்கள் மிரளக் கூடாது என்பதற்காகவே அமெரிக்கத் தரைப்படை ஒரு பயிற்சிப் படம் எடுத்துக் காட்டியது.

இந்தச் சோதனைகளில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. குழிக்குள் இருந்தவனுக்குத் தான் சாகப் போவதில்லை என்று தெரியும். பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் ரோலண்ட் வேறு வழியில் போனார். தோட்டாவுக்குப் பதில் லேசர் கருவிகளோடு நடந்த களப்பயிற்சிகளில் ஆயுதங்கள் காட்டிய பலனை ஒரு பக்கம் வைத்தார். பழைய உண்மைச் சண்டைகளின் பதிவுகளை இன்னொரு பக்கம் வைத்து ஒப்பிட்டார். அதே துப்பாக்கி, அதே பயிற்சி, ஆனால் உண்மைச் சண்டையில் பலன் பல மடங்கு குறைவாக இருந்தது. லேசர் சாகடிக்காது, தோட்டா சாகடிக்கும். பெரிய வித்தியாசம் அது ஒன்றுதான். என் சிமுலேஷன் காட்டியதும் களப்பயிற்சியைத்தான் என்று அப்போது புரிந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன். இங்கேதான் நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் முடக்கம் என்று ஒரு எண் வைத்தேன். 0 என்றால் சுதந்திரமாகச் செயல்படுகிறார்கள், 1 என்றால் முழுக்க முடங்கிவிட்டார்கள். ஒன்றிலிருந்து முடக்கத்தைக் கழித்தால் செயல்திறன். எதிரி சுடச்சுட முடக்கம் ஏறும். சுடுவது குறைந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். ஏற்றமும் இறக்கமும் சமமாகும் இடத்தில் முடக்கம் நிலைகொள்ளும். நான் எடுத்துக்கொண்ட எண்களின்படி அந்த நிலை இப்படி வந்தது: என் செயல்திறன் = 1 ÷ (1 + 6 × எதிரியின் செயல்திறன்). அந்த 6 என்பது சுடுதலின் உறைப்பையும் மனம் மீள எடுக்கும் நேரத்தையும் பெருக்கி வந்த எண்.

ஓடவிட்டேன். இரண்டு பக்கமும் 1/3 திறனில் வந்து நின்றன. நீலத்துக்கு முப்பது நொடி முன்னதாகச் சுட வாய்ப்புக் கொடுத்தேன். சிவப்பு அடிமட்டத்துக்குப் போனது, பிறகு மெதுவாக ஏறியது, மறுபடி இரண்டும் 1/3. பதுங்கியிருந்து தாக்கினாலும் 1/3. யார் முந்தினாலும் கொஞ்ச நேரத்தில் சமநிலை. தாளில் போட்டுப் பார்த்தேன். இந்தச் சமன்பாட்டுக்கு வேறு விடையே கிடையாது என்று நிரூபணமே வந்தது. ஆனால் சண்டையை நேரில் கண்ட எல்லோரும் சொல்வது இதற்கு நேர் எதிர். ஒரு கட்டத்தில் ஒரு பக்கம் மேலே வரும். அப்புறம் எதிர்ப்பக்கம் தலைதூக்க முடியாது. உலகெங்கும் காலாட்படைப் பயிற்சியில் சுடுசண்டையை முதலில் வெல், பிறகு நகர் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் மாதிரியில் சுடுசண்டையை யாராலும் வெல்ல முடியவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். சமன்பாடு எதையும் காட்டவில்லை. இரண்டு பக்கமும் பாதி பாதியாகச் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் ஜெயிப்பதில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒரு கன்னு சுட்டா பரவாயில்ல தம்பி. அவன் பெல்ட் மாத்துவான், பேரல் மாத்துவான், மூச்சு விடுவான். அந்த இடைவெளில தலையத் தூக்கி ரெண்டு ரவுண்டு போட்டுக்கலாம். ரெண்டு கன்னு மாத்தி மாத்திப் பேசிச்சுன்னு வையி, இடைவெளியே இருக்காது. அதுக்கப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு துப்பாக்கிகள் மாற்றி மாற்றிச் சுடும்போது விளைவு இரண்டு மடங்கோடு நிற்பதில்லை. முதல் துப்பாக்கி விட்ட இடைவெளியை இரண்டாவது அடைத்துவிடுகிறது. முடங்கியவன் உயிர்பிழைத்து எதிர்த்துச் சுட்டது அந்த இடைவெளியில்தான். ஆக, முடக்கம் எதிரியின் சுடுதலோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. குறைவாகச் சுட்டால் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது, ஓர் அளவைத் தாண்டினால் சட்டென்று ஏறும். சமன்பாட்டில் நான் மாற்றியது ஒரே ஒரு இடம். எதிரியின் செயல்திறனை அதனாலேயே ஒருமுறை பெருக்கினேன். எண்ணைச் சற்று மாற்றி எழுதினால்: என் செயல்திறன் = 1 ÷ (1 + 6.25 × எதிரியின் செயல்திறனின் வர்க்கம்).

இப்போது விடை ஒன்று மட்டும் வரவில்லை, மூன்று வந்தன. இரண்டு பக்கமும் சுமார் 0.45-இல் நிற்பது ஒன்று. ஆனால் அது முனையில் நிறுத்திய பென்சில் போன்றது, யாராவது ஒரு நொடி தயங்கினாலும் சாய்ந்துவிடும். மற்ற இரண்டும் ஒரு பக்கம் 0.8, எதிர்ப்பக்கம் 0.2 என்பவை. நீங்களே போட்டுப் பார்க்கலாம். 0.2-இன் வர்க்கம் 0.04. அதை 6.25-ஆல் பெருக்கினால் 0.25. ஒன்றை 1.25-ஆல் வகுத்தால் 0.8. மறுபக்கம் 0.8-இன் வர்க்கம் 0.64. பெருக்கினால் 4. ஒன்றை 5-ஆல் வகுத்தால் 0.2. ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தி நிற்கின்றன. ஒரே ஆயுதம், ஒரே ஆள்பலம், ஒரே பயிற்சி. முந்தியவன் 0.8-இல் நிற்கிறான், பிந்தியவன் 0.2-இல் கிடக்கிறான், அங்கிருந்து ஏறவும் முடிவதில்லை. இன்னொன்றும் தெரிந்தது. அந்த 6.25 இருந்த இடத்தில் 4-க்குக் குறைவான எண்ணைப் போட்டால் இந்தப் பிளவு வராது, பழையபடி சமநிலைதான். சுடுதல் ஓர் அளவு உறைப்பாக இருந்தால்தான் சுடுசண்டையை வெல்வது என்பதே சாத்தியமாகிறது.

உயிரியல் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு தெரிந்திருக்கும். ஒன்றையொன்று அடக்கும் இரண்டு மரபணுக்களுக்கும் இதே கணக்குதான். போரைப் பற்றிய ஒரு கேள்வி அங்கே கொண்டுபோய் விடும் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம் இதை லான்செஸ்டர் சமன்பாட்டோடு சேர்த்தேன். முடங்கியவன் மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால் அவன் மேல் தோட்டா படுவதும் கடினம் என்பதையும் சேர்த்தேன். சேர்த்ததும் திரையில் நடந்தது எனக்கு வியப்பாக இருந்தது. சண்டை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் பல புள்ளிகள் அணைந்தன. பிறகு அணைவது ஏறக்குறைய நின்றுபோனது. நீலம் தோட்டாவைக் கொட்டுகிறது, சிவப்பு கிடக்கிறது, யாரும் சாகவில்லை. நீலத்துக்குக் கிடைத்தது எழுந்து நடக்கும் சுதந்திரம் மட்டும். அதுவும் தோட்டா இருக்கும்வரைதான். ஒரு அணி சுமக்கக்கூடிய தோட்டா நிமிடக் கணக்கில் தீர்ந்துவிடும். ஒரு பாதி காப்புச் சூடு கொடுக்க, மறுபாதி பக்கவாட்டில் நகர வேண்டும் என்று பயிற்சியில் ஏன் ஓயாமல் சொல்கிறார்கள் என்பது எனக்கு இந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. சுட்டுக்கொண்டே இருந்தால் ஒன்றும் முடியாது. முடக்கம் இறங்குவதற்குள் யாராவது போய்ச் சேர வேண்டும்.

போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதல் உலகப்போரில், 1916-இல் பிரான்சில் நடந்த சொம் போரைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது. ஜூன் 24 தொடங்கி ஏழு நாள் பிரிட்டிஷ் பீரங்கிகள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட எறிகணைகளை ஜெர்மன் வரிசைகள் மீது கொட்டின. ஜெர்மானியர்கள் தரைக்குக் கீழே ஆழமாகத் தோண்டிய பதுங்கறைகளுக்குள் ஏழு நாளும் நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். முடக்கம் முழுமையாகத்தான் இருந்தது. ஜூலை 1, காலை 7.30. பீரங்கிச் சூடு முன்வரிசையை விட்டுப் பின்னால் உள்ள இலக்குகளுக்கு நகர்ந்தது, பிரிட்டிஷ் காலாட்படை எழுந்து நடந்தது. பதுங்கறையிலிருந்து படியேறி இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கி வைக்க ஜெர்மானியர்களுக்குச் சில நிமிடங்கள் போதும். சுமையோடு வரும் காலாட்படைக்கு இரு வரிசைகளுக்கும் இடையே இருந்த நடுநிலத்தைக் கடக்க அதைவிட அதிக நேரம் தேவைப்பட்டது. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் இழப்பு. அதில் 19,240 பேர் இறந்தார்கள்.

நான் எழுதிய சமன்பாட்டில் மனம் மீளும் நேரம் ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்துக்கும் நடந்து கடக்கும் நேரத்துக்கும் இடையே இருந்த வித்தியாசத்தில் அத்தனை பேர் போனார்கள். இந்த வரியை நிரலில் தட்டும்போதெல்லாம் எனக்குக் கை நிற்கும்.

அதே நாளில் தெற்குப் பகுதியில், காலாட்படைக்கு முன்னால் படிப்படியாக நகரும் எறிகணைத் திரையைப் பயன்படுத்திய சில பிரிவுகள் ஓரளவு வெற்றி பெற்றன. அந்த முறை அடுத்த வருடத்துக்குள் நன்றாகத் தேறிவிட்டது. 1917 ஏப்ரல் 9 அன்று விமி முகட்டில் கனடியப் படைகள் முன்னேறியபோது எறிகணைத் திரை மூன்று நிமிடத்துக்கு 100 கெஜம் என்ற கணக்கில் முன்னால் நகர்ந்தது. வீரர்கள் அதை ஒட்டியே நடந்து பழகியிருந்தார்கள். கடைசி எறிகணைக்கும் முதல் வீரன் பதுங்குகுழி வாசலில் வந்து நிற்பதற்கும் இடையே இருந்த நேரம் மிகக் குறைவு. ஜெர்மன் பக்கத்தில் கியோர்க் புரூக்முல்லர் என்ற பீரங்கி அதிகாரியும் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார். எதிரியைத் துண்டுதுண்டாக அழிக்க நாட்கணக்கில் சுடத் தேவையில்லை, தாக்கும் நேரத்தில் அவனைச் செயலற்றவனாக்கினால் போதும் என்றார். 1918 மார்ச் 21-இல் ஜெர்மனி தொடங்கிய பெருந்தாக்குதலுக்கு முன்னால் ஏழு நாள் சுடவில்லை, சுமார் ஐந்து மணி நேரம்தான் சுட்டார்கள்.

இதுவரை சொன்னதில் எல்லா வீரர்களும் ஒரே வார்ப்பு. அதுவும் பொய்தான். 1943-இல் சிசிலியில் சண்டையைக் கிட்டே இருந்து பார்த்த பிரிட்டிஷ் அதிகாரி லயனல் விக்ரம், மேலிடத்துக்கு வெளிப்படையான ஓர் அறிக்கை எழுதினார். சுமார் 22 பேர் கொண்ட ஒரு பிளட்டூனில் ஆறு பேர் எங்கும் போவார்கள், எதையும் செய்வார்கள். பன்னிரண்டு பேர் நல்ல தலைமை இருந்தால் கொஞ்சம் பின்னால் தொடர்வார்கள். மிச்சப் பேர் ஓடிவிடுவார்கள். அவர் எழுதியதன் சாரம் இது. அந்த நேர்மையை மேலிடம் விரும்பவில்லை, அவருடைய பதவி இறக்கப்பட்டது. 1944 பிப்ரவரியில் இத்தாலியில் ஒரு தாக்குதலை முன்னின்று நடத்தும்போது அவர் கொல்லப்பட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

இதே விஷயத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவர் அமெரிக்கரான எஸ்.எல்.ஏ. மார்ஷல். இரண்டாம் உலகப்போரில் 15 முதல் 25 சதவீத வீரர்களே துப்பாக்கியைச் சுட்டார்கள் என்று 1947-இல் எழுதினார். நானும் முதலில் அந்த எண்ணை அப்படியே நிரலில் போட்டுவிட்டேன். பிறகுதான் ரோஜர் ஸ்பில்லர் என்ற வரலாற்றாசிரியர் 1988-இல் எழுப்பிய கேள்விகளைப் படித்தேன். அந்தச் சதவீதத்துக்கு ஆதாரமான முறையான கணக்கெடுப்பு மார்ஷலின் குறிப்புகளில் தென்படவில்லை. எண்ணை எடுத்துவிட்டேன். முடங்கியவர்கள் நிறையப் பேர் என்ற அவருடைய உணர்வு சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு மாதிரிக்குள் சதவீதமாகப் போய் உட்காரும் தகுதி அதற்கு இல்லை.

ஆக, இப்போது என் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் அதற்கென ஒரு மீளும் நேரம் உண்டு. சிலர் பத்து நொடியில் எழுவார்கள், சிலருக்கு நிமிடங்கள் ஆகும். ஒரே சராசரியைப் போடுவதற்கும் இப்படிப் பிரித்துப் போடுவதற்கும் முடிவில் பெரிய வித்தியாசம். முதலில் எழும் அந்த நாலைந்து பேர் விழுந்துவிட்டால் மீதி அணியே எழுவதில்லை. இழப்புச் சதவீதம் குறைவாகத் தெரியும், அணி மட்டும் முடிந்துபோயிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொரு மெதுவான கடிகாரமும் ஓடுகிறது. நிமிடத்தில் மீள்வது ஒன்று, வாரக்கணக்கில் தேய்வது வேறு. நார்மண்டியில் சண்டையிட்ட அமெரிக்க வீரர்களை ஆராய்ந்த ஸ்வாங்க், மார்ச்சண்ட் என்ற இரு மருத்துவர்கள் 1946-இல் வெளியிட்ட கட்டுரையில், இடைவிடாத சண்டையில் சுமார் 60 நாளுக்குப் பிறகு மிஞ்சியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மனதளவில் சாய்ந்துவிடுகிறார்கள் என்றார்கள். முதல் உலகப்போரில் அகழிகளில் மருத்துவராக இருந்த மோரன் பிரபு, தைரியம் என்பது ஒரு முதல், செலவு செய்யச் செய்யக் கரையும் என்று எழுதினார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை முடங்கும்போதும் மீளும் நேரம் கொஞ்சம் நீளும். ஒரே இரவில் அது தெரியாது. பத்தாவது நாள் ஓட்டத்தில், முதல் நாள் பத்து நொடியில் எழுந்த அதே புள்ளி எழ ஒன்றரை நிமிடம் எடுக்கிறது.

போன மாதம் புதிய வடிவத்தை அவருக்குக் காட்டினேன். இந்த முறை புள்ளிகள் குனிந்தன. நீலம் முந்தியது, சிவப்பு சுருண்டது, நீலத்தில் பாதி நகரத் தொடங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை முடிந்து சுடுவது நின்ற பிறகும் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எழவே இல்லை. மங்கலாகவே கிடந்தது. நிரலில் ஏதோ பிழை என்று நினைத்து நிறுத்தப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் தம்பி. இவன எனக்குத் தெரியும்."

"எப்ப எந்திரிப்பான், ஐயா?"

"அவனா எந்திரிக்க மாட்டான். யாராவது ஊர்ந்து பக்கத்துல போய் தோளத் தொடணும். பேரச் சொல்லிக் கூப்பிடணும்."

என் சமன்பாட்டில் மீள்வதற்கு நேரம் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. 1870-இல் மெட்ஸ் அருகே சண்டையில் படுகாயமடைந்து இறந்த பிரெஞ்சுக் கர்னல் அர்தான் து பிக், பக்கத்தில் நிற்பவன் பார்க்கிறான் என்பதால்தான் மனிதன் சண்டையில் நிற்கிறான் என்று அப்போதே எழுதியிருந்தார். அதைப் படித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முடங்காத புள்ளி ஒன்று இரண்டு மீட்டருக்குள் வந்தால், கிடப்பவனின் மீளும் நேரம் பாதியாகக் குறையும். ஏன் பாதி என்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை. அடுத்த வாரம் அவர் வருகிறார். எத்தனை நொடி ஆகும் என்று கேட்க வேண்டும்.